முப்பத்திரண்டு சொடக்கு

சம்பந்தியம்மா இறங்கிப் போன பிறகுதான் பார்த்தேன். அவர் தலையில் இருந்த மல்லிகைச் சரத்திலிருந்து மூன்று பூக்கள் என் காரின் உள்கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கூரைத் துணியில் சிறு பள்ளம். பள்ளத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை. கறைக்கு நடுவில் அந்த மூன்று பூ.

மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட நாள் அது. வழியில் ஒரு ரயில்வே கேட். தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கியபோது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உருண்டிருக்கும் என்று நினைத்தேன். வண்டியில் தேங்காய் எதுவும் இல்லை என்பது அரைக் கிலோமீட்டர் தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். சம்பந்தியம்மா உச்சந்தலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிக்குங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டு ஓட்டினேன்.

அந்த வண்டி வேணாம்

சம்பந்தியம்மா என்று நான் சொல்வது என் மகள் கயலின் மாமியாரை. பெயர் சரோஜா. நீடாமங்கலம் தாண்டி வீடு. அவருடைய கணவரும் மகனும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் கயலும் மட்டும்தான். கயலுக்கு அப்போது ஆறாம் மாதம்.

அடுத்த வாரம் வளைகாப்புக்கு நாள் குறிக்க நானும் என் மனைவி மல்லிகாவும் போனோம். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். முறுக்கு கொடுத்தார். நாள் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"வளையல் போட்டதும் அன்னிக்கே கயல அழைச்சிட்டுப் போங்க. அதான் முறை. ஆனா அந்த வண்டியில வேணாம்" என்றார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் முறுக்கைப் பார்த்தேன்.

"எம் மண்ட தாங்கிச்சி. வயித்துல இருக்கிற புள்ள தாங்குமா? எம் மவன்கிட்ட சொல்லி நானே நல்ல காரா வச்சி அனுப்புறேன்."

எனக்குத் தொழில் அந்த ஒரு கார்தான். ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, கோயிலுக்கு என்று எங்கள் பக்கத்து ஜனம் அதில்தான் போகிறது. பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேறொருவன் கார் வந்தது என்று ஊருக்குத் தெரிந்தால், அப்புறம் என் வண்டியில் யார் பிள்ளைத்தாச்சியை ஏற்றுவார்கள்?

செருப்புப் போடும்போது கயல் என் காதருகே வந்தாள்.

"அப்பா, நான் நம்ம வண்டியிலதான் வருவேன். ஏதாச்சும் பண்ணுங்க."

திரும்பி வரும்போது மல்லிகா சொன்னாள்: "அன்னிக்கே ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. இப்பகூட போன் போட்டுத் தரேன், பேசுங்க."

"வண்டிய சரி பண்ணிடுறேன்" என்றேன்.

தூங்கியவரை எழுப்பாதது பற்றி

இந்த இடத்தில் என் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை ஒரு கடைக்காரரைத் திருச்சியிலிருந்து ஏற்றி வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் பின்சீட்டில் அசந்து தூங்குகிறார். எழுப்பச் சங்கடமாக இருந்தது. இரண்டு தடவை செருமினேன். கதவைத் திறந்து மூடினேன். அவர் அசையவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, குப்பை கொட்ட வெளியே வந்த அவர் மனைவி எங்கள் இருவரையும் கண்டு கூச்சல் போட்ட பிறகுதான் காரியம் முடிந்தது.

என் வண்டியில் தூங்காதவர்கள் குறைவு. அதற்குக் காரணம் என் ஓட்டு இல்லை, ஷாக் அப்சர்வர். பள்ளத்தில் விழுந்தால் வண்டியின் ஸ்பிரிங் குதிக்கும். அதை ஒரே குதியோடு அடக்குவதுதான் ஷாக் அப்சர்வரின் வேலை. என் வண்டியில் நான்கும் எண்ணெய் கசிந்து எப்போதோ ஓய்ந்துவிட்டன. சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி தூளிபோல ஆடும். பெரிய பள்ளத்துக்குத்தான் தலை கூரையில் இடிக்கும்.

நாகூரில் ஒரு குடும்பத்துக்கு இந்த ஆட்டத்தினால் பெரிய உதவி. அவர்களுடைய கைக்குழந்தை இரவும் பகலும் அழும். ஒருநாள் தஞ்சாவூர் டாக்டரிடம் காட்ட என் வண்டியில் போனார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. டாக்டர் தொட்டும் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மத்தியானத்தில் கூப்பிடுவார்கள். எங்கேயும் போக வேண்டாம். வேளாங்கண்ணி ரோட்டில் சும்மா போய்த் திரும்ப வேண்டும். முன்சீட்டில் வாப்பா, பின்சீட்டில் உம்மா, நடுவில் குழந்தை, மூன்று பேரும் தூங்குவார்கள்.

"அண்ணே, டயர மாத்துங்க, சீட்டு மாத்துங்க. இந்த ஆட்டத்த மட்டும் சரி பண்ணிடாதீங்க" என்று அந்த வாப்பா கேட்டுக்கொண்டார்.

அவருக்குக் கொடுத்த வாக்கைத்தான் மீற வேண்டியதாயிற்று.

ஷார்ஜாவிலிருந்து ஒரு பெட்டி

மல்லிகாவின் தம்பி செந்தில் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். பணக்காரப் பையன்களின் காரைப் பிரித்து, வேகத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இடம். அக்கா போனில் அழுதிருக்கிறாள். பத்து நாளில் ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டி கொடுத்தனுப்பிவிட்டான்.

பெட்டிக்குள் நான்கு ஷாக் அப்சர்வர், ஸ்பிரிங்கோடு சேர்த்து. நாமக்காரர் நெற்றிபோல மஞ்சளும் சிவப்பும் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. திருகைச் சுற்றினால் விரலில் சொடக்கு எடுப்பதுபோல 'டிக், டிக்' என்று சத்தம் வரும். மொத்தம் முப்பத்திரண்டு சொடக்கு. ஒரு பக்கம் சுற்றினால் வண்டி மெத்தென்று ஆகும், மறுபக்கம் சுற்றினால் இறுகும் என்று செந்தில் சொல்லியிருந்தான். எந்தப் பக்கம் எது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு மெக்கானிக் அரை நாளில் மாட்டிக் கொடுத்தார். கசிந்த பழையவற்றை எடைக்குப் போட்டார். "இனிமே என்கிட்ட வர வேணாம்ணே. வீட்லயே திருப்பித் திருப்பிப் பாத்துக்குங்க" என்று என் முதுகில் தட்டினார். பழைய ஸ்பிரிங் நான்கையும் பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் வாங்கிப்போய், ஆடு கடிக்காமல் இருக்கத் தென்னங்கன்றுகளுக்கு மாட்டிவிட்டார். ஆக, பின்வாங்க வழியில்லை.

பெட்டியில் ஒரு தாள் இருந்தது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அந்தத் தாள் எந்த வகுப்புக்கானது என்று தெரியவில்லை, சீனாவோ ஜப்பானோ, எழுத்தெல்லாம் கூரை வேய்ந்த வீடு வீடாக இருந்தது. படம் மட்டும் புரிந்தது. திருகின் ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி.

கூட்டல் என்றால் சுகம் கூடும் என்று நானாக முடிவு செய்தேன்.

மூன்று நாள் கூட்டிக்கொண்டே போனேன். முதல் நாள் மல்லிகாவுக்கு இடுப்பு பிடித்தது. இரண்டாம் நாள் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் பெயர்ந்து என் மடியில் விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்த ஒரு பெரியவர், பாதி வழியில் இறங்கி, "தம்பி, இங்கேருந்து நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்று மாலை செந்திலிடமிருந்து போன் வந்தது: "மாமா, எல்லாத்தையும் மைனஸ்ல வச்சிருக்கீங்கதானே? பிளஸ்ஸு ரேஸுக்கு. அதுல வச்சா ரோட்ல கெடக்குற பொடிக்கல்லு எத்தனன்னு எண்ணிடலாம்."

களத்தில் நடந்த ஆராய்ச்சி

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருந்தது. கழித்தல் பக்கம் கடைசி வரை திருப்பினேன். பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனாலும் வண்டி துள்ளியது. ஷாக் அப்சர்வரை மெத்தென்று வைக்கலாம். ஸ்பிரிங் பிறவியிலேயே கெட்டி.

கலியபெருமாள் வந்தார். டிராக்டர் வைத்திருப்பவர். நெல் களத்தில் மரக்கால் பிடித்து அளப்பதில் எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவர், இருபது மடங்கு பேசுபவர்.

"யோவ் ராசு, காலி ட்ரெய்லர் எப்புடிப் போவும்?"

"துள்ளும்."

"நெல்லு ஏத்துன ட்ரெய்லரு?"

"பேசாம போவும்."

"அப்பறம் என்னாய்யா கார்க்காரன் நீ?"

வீட்டில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு மூட்டையைத் தூக்கி டிக்கியில் போட்டார். ஓட்டினோம். துள்ளல் குறைந்தது. இரண்டாவது மூட்டை. இன்னும் குறைந்தது. மூன்றாவது மூட்டையில் வண்டி படகுபோலப் போனது. ஆனால் இப்போது அதிகமாக மிதந்தது. அதை அடக்கச் சில சொடக்கு கூட்ட வேண்டும்.

இங்கேதான் வில்லங்கம். முன்சக்கரத் திருகு பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின்சக்கரத் திருகு டிக்கியின் உள்ளே, அட்டைக்குப் பின்னால். அதாவது மூன்று மூட்டைக்குப் பின்னால்.

ஒரு சொடக்கு திருப்ப மூன்று மூட்டையை இறக்க வேண்டும். திருப்பிய பிறகு மூன்று மூட்டையை ஏற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்துப் போதவில்லை என்றால் மறுபடி இறக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் வாசலில் நெல் இறங்கி ஏறியதுபோல அறுவடைக்குக்கூட இறங்கி ஏறியதில்லை. போகிற வருகிறவர்கள், "என்னா விலைக்குப் போவுது?" என்று நின்று கேட்டார்கள்.

சொடக்கு எண்ணும் பொறுப்பைக் கலியபெருமாள் எடுத்துக்கொண்டார். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலை 'லாபம்' என்றுதான் போடுவார்கள். டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் அப்படித்தான் எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

முன்பக்கம் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அவருக்கு ஆகவில்லை. "மொதல்லயே ஒண்ணும்பியா? வெளங்குமா வண்டி?" என்று திட்டி, என்னையும் லாபத்தில் ஆரம்பிக்க வைத்தார். எனக்குப் பழக்கம் இல்லாததால் லாபம் சொல்லிவிட்டு அப்புறம் ஒன்றும் சொல்லிவிட்டேன். இடது முன்சக்கரம் மட்டும் ஒரு சொடக்கு அதிகமாகி, ஒரு நாள் முழுக்க வண்டி அந்தப் பக்கம் மட்டும் கோபமாக இருந்தது.

செம்பும் கேட்காரரும்

வண்டி எவ்வளவு மெத்தென்று போகிறது என்று எப்படி அளப்பது? மல்லிகா பின்சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பிரிமணை, அதன் மேல் வாய் ததும்பத் தண்ணீர் ஊற்றிய செம்பு. ரயில்வே கேட் வரை போய்த் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். வந்து, செம்பில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை செம்பில் மிச்சம் பாதி. மீதிப் பாதி மல்லிகாவின் புடவையில்.

"ஒரு மன்னிப்பு கேக்க வாய் வரல. அதுக்கு நான் தெனம் நாலு தரம் நனையிறேன்" என்று மூன்றாம் நாள் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை கேட்டைத் தாண்டியதில் கேட்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவது நாள் கை காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, டிக்கியில என்னா?"

"நெல்லு."

திறந்து காட்டினேன். மூட்டையை அமுக்கிப் பார்த்தார்.

"போறப்பயும் நெல்லு, வர்றப்பயும் நெல்லா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"யாருக்குத்தான் கொண்டு போறீங்க?"

பின்சீட்டில் ஈரப் புடவையோடு, மடியில் செம்பு ஏந்தி, மல்லிகா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் என்ன நினைத்தாரோ, ஏதோ வேண்டுதல் என்று முடிவு செய்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் கும்பிட்டார். அதற்கப்புறம் தடுக்கவே இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் முன்னால் ஒன்பது சொடக்கு, பின்னால் பன்னிரண்டு சொடக்கு, டிக்கியில் மூன்று மூட்டை. தண்டவாளத்தில் ஏறி இறங்கினோம். மல்லிகா செம்பை உயர்த்திக் காட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கலியபெருமாள் செம்பை வாங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தார். "முடிஞ்சிதுய்யா" என்றார்.

வாலைத் தூக்கிய வண்டி

வளைகாப்பு அன்று எங்கள் சொந்தக்காரர்கள் சீர்த்தட்டுகளோடு வேனில் வந்தார்கள். நானும் மல்லிகாவும் காரில், மூன்று மூட்டையோடு. தட்டு எத்தனை, வளையல் எத்தனை டஜன், ஐந்து வகைச் சாதத்தில் எது எந்த அண்டாவில் என்று எல்லாம் யோசித்திருந்தோம். பெண் கொடுத்த வீட்டுக்கு நெல் மூட்டையோடு போய் இறங்கினால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. டெல்டாவில் பிறந்தவன் செய்கிற காரியமா அது?

சம்பந்தியம்மா வீட்டு வாசலில் ஒரு பெரிய வாடகைக் கார் ஏற்கெனவே நின்றது. சீட்டுக்கு வெள்ளை உறை. டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கயலை அழைத்துப் போகத்தான்.

மல்லிகா, "புதுசா ஷாக் அப்சர்வர்லாம் மாத்திட்டாரு சம்பந்தி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"பாப்போம், பாப்போம்" என்றார் சம்பந்தியம்மா. அது எந்தப் பக்கம் சாய்ந்த பாப்போம் என்று தெரியவில்லை.

பின்சீட்டில் இருந்த அண்டாவை இறக்க வேண்டும் என்று அவர் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வண்டிச் சாவி கேட்டார்கள். கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கயலுக்கு வளையல் அடுக்கினார்கள். சந்தனமும் தயிர்ச்சாதமும் கலந்து ஒரு வாசனை. முழங்கை வரை கண்ணாடி வளையலோடு கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கியது. யாரும் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் என் கார் வாலைத் தூக்கிய கோழிபோலப் பின்பக்கம் உயர்ந்து நின்றது.

டிக்கியைத் திறந்தேன். காலி. நான்கைந்து நெல்மணிகள் மட்டும் கிடந்தன.

உள்ளே ஓடினேன். கூடத்தின் ஓரத்தில் மூன்று மூட்டைகளும் சுவரில் சாய்ந்து நின்றன. மூன்றுக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தாகிவிட்டது. நடு மூட்டையில் ஒரு முழம் பூவும் சாத்தியிருந்தது.

சம்பந்தியம்மா கூடத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார். "இங்க பாருங்க, எஞ் சம்பந்திய! வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா முறை தெரிஞ்ச மனுசன். வளைகாப்புக்கு எந்த ஊர்ல நெல்லு கொண்டாருவாங்க? மூணு மூட்ட!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரும்ப ஏற்றிவிடுங்கள், அது வண்டிக்கு என்று அப்போது யாரால் சொல்ல முடியும்? வாயுள்ளவனால்கூட முடியாது.

"அந்தக் கார அனுப்பிச்சிடுங்க" என்று அவர் ஆட்களிடம் சொன்னார். "இவ்ளோ செய்யிறவரு வண்டிய சரி பண்ணாமயா இருப்பாரு? கயலு அவ அப்பா வண்டியிலயே போவட்டும்."

ஒரு மாதமாக எந்த வார்த்தைக்காக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேனோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. அதே நேரத்தில் வண்டி அதற்கு லாயக்கில்லாமல் போயும்விட்டது.

ஒன்றரை மூட்டை

வாடகைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நான் கொல்லைப்புறம் போனேன். தண்ணீர்த் தொட்டி; தூக்க முடியாது. தேங்காய்க் குவியல். கிணற்றடியில் ஒரு அம்மிக்கல்.

கயல் பின்னாலேயே வந்துவிட்டாள். "அப்பா, அந்த அம்மிய ஏம்ப்பா அப்புடி பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

மல்லிகா வந்தாள். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. "போன கார திரும்பக் கூப்பிடுவோமா?" என்று கிசுகிசுத்தாள். கூப்பிட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஊர் என்ன சொன்னாலும் சரி. கயலைக் காலி வண்டியில் அந்தத் தண்டவாளத்தின் மேல் கொண்டுபோக நான் தயாராக இல்லை.

அப்போது சம்பந்தியம்மா கயலின் பைகளை எண்ணிக்கொண்டு கொல்லைக் கதவருகே வந்து நின்றார். கதவு நிறைந்தது.

ஒரு வாரமாக நெல் மூட்டையோடு புழங்கியவன் நான். எந்த மூட்டையையும் பார்த்தவுடன் எடை சொல்லிவிடுவேன். அவரைப் பார்த்ததும் என் மனம் என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டது. ஒன்றரை மூட்டை.

கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"சம்பந்தியம்மா... நீங்களும் வாங்க."

"நானா?"

"ஆமா. வந்து... ஒரு பத்து நாளாச்சும் இருங்க."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நாள் குறிக்க வந்தீங்க. சீரு பேசுனீங்க. புள்ளைய அழைச்சிட்டுப் போறோம்னீங்க. எல்லாம் சொன்னீங்க, நீங்களும் வாங்கன்னு ஒரு வார்த்த யாருமே சொல்லல. இவளும் போயிட்டா இந்த வீட்ல நான் பல்லிகூடத்தான் பேசணும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். கூப்புட மாட்டீங்களான்னு இருந்திச்சி சம்பந்தி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அவரை எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மல்லிகாவுக்கும் தெரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் டிக்கியில் இரண்டு சாக்கு தேங்காய் ஏற்றினேன். "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று அவரே உள்ளிருந்து சத்தம் போட்டார். அதற்கு முன்னால் பின்பக்கத் திருகைச் சரி செய்தேன். மூட்டை இறக்காமல் அந்தத் திருகுக்குக் கை எட்டியது அந்த ஒரு வாரத்தில் அதுதான் முதல்முறை. எடை குறைவு என்பதால் மூன்று சொடக்கு கழித்தேன். லாபம், ரெண்டு, மூணு.

கண்ணாடி

சம்பந்தியம்மாவும் கயலும் பின்னால், மல்லிகா முன்னால். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் எங்களைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"என்னாண்ணே, இன்னிக்கி நெல்லு இல்லியா?"

"என்னா நெல்லு?" என்றார் சம்பந்தியம்மா.

"தெனம் பத்து தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெல்லோடதான் போவாரு. அண்ணி மடியில செம்போட..."

ரயில் வந்தது. அது போட்ட சத்தத்துக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

கேட் திறந்தது. முதல் கியரில் மெல்ல ஏறினேன். முதல் தண்டவாளம். இரண்டாவது. கயலின் வளையல் ஒரே ஒருமுறை 'சிலுங்' என்றது. தாண்டிவிட்டோம்.

சம்பந்தியம்மா கூரைக்கு முட்டுக்கொடுத்திருந்த கையை எடுத்தார்.

"வண்டி நல்லாத்தானே போவுது? அன்னிக்கி மட்டும் ஏன் அந்தத் தூக்கு தூக்கிச்சி?"

"அன்னிக்கி வண்டி காலியா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டேன்.

"காலியா? நான்தான் உள்ள இருந்தனே!"

கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கை வளையலும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கினாள். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

"மன்னிச்சிக்குங்க சம்பந்தியம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"அன்னிக்கி... மண்டைக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். காய்ந்து பழுப்பாகிப்போன மூன்று பூவும் கூரையில் அப்படியே இருந்தன. எடுக்க எனக்கு மனம் வந்திருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்து ஜன்னல் வழியே போட்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் மேலே திருப்பிவிட்ட கண்ணாடியை அப்போதுதான் பழையபடி கீழே இறக்கினேன். வடுவூர் ஏரிக்காற்றுபோல ஜில்லென்று வயல் காற்று அடித்தது. கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தால், சம்பந்தியம்மா கயலின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீடு வந்தது. கலியபெருமாள் வாசலில் நின்றிருந்தார். மூட்டை எங்கே என்று கையாலேயே கேட்டார். நான் கண்ணால் பின்சீட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆரத்தி எடுத்துக் கயலையும் மல்லிகாவையும் உள்ளே அழைத்துப் போனார்கள். சம்பந்தியம்மா விழிக்கவில்லை. எழுப்ப எனக்குச் சங்கடமாக இருந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேர் இறங்கியும் வண்டி ஒரு விரற்கடைதான் உயர்ந்திருந்தது.